சேறு பூசியவள்

கலாராணியின் மேல் கடைசியாக ஆத்தா வந்தது அவளுக்குக் கல்யாணமாவதற்கு முந்திய வருடத் திருவிழாவில். தப்பு மேளச் சத்தம் ஏற ஏற உள்ளங்காலிலிருந்து ஒரு சூடு கிளம்பும். முழங்கால் வரைக்கும் அது அவளுடைய சூடு. அதற்கு மேல் வேறு யாருடையதோ. அப்புறம் நடந்ததையெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். பெரிய கங்காணியின் மீசையைப் பிடித்து இழுத்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டாளாம். அவர் கைகட்டி நின்று, போட்டுத் தருகிறேன் தாயே என்றாராம். மறுநாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் அதே கங்காணி, ஏன் தாமதம் என்று அவளை விரட்டினார். இரண்டு பேரும் நேற்றைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு அவளை நமுனுகுல மலையின் மறுபக்கத் தேயிலைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை கஜேந்திரன் வேதக்காரன். கொழும்பில் ஒரு கடையில் வேலை; டிசம்பரில் நத்தாருக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் வருவான். அவளும் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாள். தகரக் கூரை போட்ட சின்னக் கோயிலில் ஞாயிறு தவறாமல் உட்கார்ந்தாள். பாட்டெல்லாம் அவளுக்குப் பிடித்தது. ஆனால் பாட்டு உச்சத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அவளுடைய உள்ளங்கால் காத்துக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. விருந்தாளி வருவாரென்று பாய் விரித்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போன்ற அந்த உணர்ச்சியை யாரிடம் சொல்வதென்று தெரியாமல், ஒருநாள் மாமனாரிடம் கேட்டாள்.

"மாமா, ஒங்க சாமி யாரு மேலயும் வரமாட்டாரா?"

அழகையா சிரித்தார். "வந்தா என்ன கேப்ப?"

"ஒங்க கண்ணைத்தான் கேப்பேன்."

அழகையா ஒருகாலத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் பேர்போனவர். கண்ணில் புரை விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் பாலாகி, கடைசியில் பாலும் இருண்டது. மகனுக்குப் பெண் பார்க்க வந்த அன்றே அவர் கலாராணியைக் குரலில்தான் பார்த்தார். "குரல் நல்லாருக்கு, மூக்கு எப்படின்னு நீங்க பாத்துக்கங்க" என்று மற்றவர்களிடம் சொன்னது இன்றும் லயத்தில் ஒரு கதை.

அவருடைய ஜெபத்துக்குப் பேர் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், மாடு காணோம், வெளிநாட்டுக்குப் போன மகளிடமிருந்து தகவல் இல்லை என்று பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் வருவார்கள். கண்ணில்லாதவர் கேட்டால் ஆண்டவர் மறுக்கமாட்டார் என்று ஒரு பேச்சு. வந்தவர்களின் தலையில் கைவைத்து அவர் ஜெபிக்கும்போது முகம் அப்படி ஒரு நிறைவாக இருக்கும். அந்த நேரத்தில் மட்டும் அவரைப் பார்த்தால் பரிதாபமே வராது.

தோட்டத்து மருந்து ஐயா பலமுறை சொல்லிவிட்டார், பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு காலை வேளையில் முடிந்துவிடும் என்று. அழகையா அசையவில்லை. "நான் ஆண்டவர்கிட்ட மனு குடுத்திருக்கேன். தொரைகிட்ட மனுவைக் குடுத்துட்டு, பதில் வர்றதுக்குள்ள பக்கத்துத் தோட்டத் தொரைகிட்ட போய் நின்னா அது மரியாதையா?"

தொண்ணூற்றொன்பதாம் வருடம், உயிர்த்த ஞாயிற்றுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, பதுளையிலிருந்து போதகர் செல்வரத்தினம் வந்தார். மாதத்துக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில், முழங்கால் வரை சேறு தெறித்து வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேச்சு பாதி புரியாவிட்டாலும் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். ஏனென்றால் அவர் குரலை உயர்த்தமாட்டார். அன்று வாசித்தது, இயேசு உமிழ்நீரில் மண்ணைக் குழைத்துக் குருடனின் கண்ணில் பூசி, குளத்தில் போய்க் கழுவச் சொன்ன கதை.

"நாங்கள் ஒவ்வொரு ஞாயிறும் வந்து ஆண்டவரைப் புகழுறம்," என்றார். "அவருக்குப் புகழ்ச்சியில பஞ்சமோ? துரையைப் புகழ்ந்தால் நல்ல மலையில வேலை தருவார் எண்டு ஆக்கள் புகழுறவை. அப்பிடி நினைச்சுக் கும்பிட்டால் அது வணக்கம் இல்லை. வணங்கிறது எண்டால் அவரைப் போல ஆகிறது. அவர் செய்ததைச் செய்யிறது. என்னைவிடப் பெரிசாயும் செய்வியள் எண்டு அவரே சொல்லிப்போட்டுப் போனவர். நாங்கள்தான் அதைக் கேளாத மாதிரி இருக்கிறம். அதுக்குப் பணிவு எண்டு பேரும் வைச்சிருக்கிறம்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். கலாராணி தலையாட்டவில்லை. இத்தனை வருடம் அவள் தவறாகக் காத்திருந்திருக்கிறாள். இந்தச் சாமி வந்து ஏறுகிறவர் இல்லை. நாம்தான் அவருக்குள் ஏற வேண்டும்.

அன்று பின்னேரம் லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், தண்ணீர் விழும் இடத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்தாள். வாயை மூன்று தரம் கொப்பளித்தாள். வெற்றிலை போடும் வாய். உமிழ்ந்து குழைத்தாள். குழைக்கும்போது சூடு வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. கை நடுங்கவில்லை, மூச்சு மாறவில்லை. முழு அறிவோடு, ரொட்டிக்கு மா பிசைவதைப் போலப் பிசைந்தாள். அது அவளுக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஆத்தா வந்து செய்தால் தப்பு ஆத்தாவுடையது.

அழகையா லயத்து வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, ஆண்டவரு செஞ்ச மாதிரி செய்யப் போறேன். மொகத்தைக் காட்டுங்க."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "வெத்தலை வாயா?"

"கொப்பளிச்சிட்டேன்."

"சரி, வா." அவர் பிள்ளையைப் போல முகத்தை நிமிர்த்தினார். அந்த முகத்தில் கேலி இல்லை. அதைத்தான் அவள் பின்னாட்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டாள். அவரும் நம்பினார்.

வலது கண்ணில் அப்பினாள். மண்ணில் ஏதோ குறுணி இருந்திருக்க வேண்டும். அவர் துள்ளி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இடது கண்ணுக்கு அவள் போகவில்லை. "பீலியில போய்க் கழுவிட்டு வாங்க" என்றாள். அவர் குச்சியைத் தட்டிக்கொண்டு தனியாகவே போய்க் கழுவிவிட்டு, வழியெல்லாம் தண்ணீர் சொட்டத் திரும்பி வந்தார்.

"என்ன மாமா?"

"கொஞ்சம் கரிக்குது புள்ள. அவ்வளவுதான்."

லயத்தில் பக்கத்துக் காம்பிரா வீட்டுப் பெரியாயி இதையெல்லாம் வாசற்படியில் கொழுந்துக் கூடையைத் தைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "அடி வேதக்காரி! எங்க ஆத்தாகூட வேப்பிலையைக் கழுவிட்டுத்தான்டி கண்ணுல ஒத்துவா. நீ பீலிச் சேத்தை அள்ளி அப்புற. அதுல எத்தனை பேரு காலு கழுவினாங்களோ!"

இரண்டு நாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கலாராணி தலையணை உறையைத் துவைக்க எடுத்தபோது அதில் மஞ்சளாகச் சீழ் காய்ந்திருந்தது. அவருடைய முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். இமை வீங்கி மூடியிருந்தது. அவள் அழத் தொடங்கினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம் மாமா. கால்ல விழுறேன்."

அழகையா குச்சியைத் தடவி எடுத்தார். "குருட்டுக்குத்தான் நான் மனு குடுத்திருக்கேன். புண்ணுக்குக் குடுக்கல. புண்ணுக்குப் போகலாம்."

பஸ்சில் வளைவுக்கு வளைவு அவருடைய தலை அவள் தோளில் மோதியது. ஒவ்வொரு மோதலுக்கும் அவர் பல்லைக் கடிப்பது அவளுக்குக் கேட்டது.

பதுளை ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் ஜெனீரா தலையில் முக்காடும் அதற்கு மேல் நெற்றி விளக்கும் போட்டிருந்தார். சின்ன உருவம். குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள மண் எப்படிப் போன?" என்று கேட்டார்.

"பீலிக்கரையில வழுக்கி விழுந்துட்டேங்க," என்றார் அழகையா. "மொகம் சேத்துல பொதைஞ்சிருச்சு."

கலாராணி திடுக்கிட்டாள். பொய் சொல்லாதவர் என்று தோட்டமே சொல்லும் மனிதர். கொழுந்து நிறுக்கிற இடத்தில் யார் களவு செய்தார்கள் என்று தொரை கேட்டபோதுகூட உள்ளதைச் சொல்லி, தன் சொந்தத் தம்பியோடு பகை வாங்கிக்கொண்டவர். இவ்வளவு சரளமாக, இவ்வளவு விவரமாக அவருக்குப் பொய் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஏதாவது சொல்ல வாயெடுத்தாள். அவர் அவளுடைய மணிக்கட்டை அழுத்தினார்.

வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. அவள் மறுநாளும் அதற்கு மறுநாளும் போனாள். தன்னைக் காப்பாற்ற அவர் சொன்ன பொய் அவளுக்குள் ஒரு சாப்பாடு செரிக்காததைப் போலக் கிடந்தது. அதில் அன்பு இருந்தது. அதுதான் செரிக்காத பகுதி. திட்டியிருந்தால் அவள் அழுது முடித்திருப்பாள்.

கடைசியில் டொக்டர் வார்டைச் சுற்றி வந்தபோது நடையில் வைத்துச் சொல்லிவிட்டாள். "டொக்டரம்மா, அவரு விழல. நாந்தான் பூசினேன். ஆண்டவரு அப்படித்தான் கண்ணைத் திறந்தாருன்னு கோயில்ல வாசிச்சாங்க."

ஜெனீரா அவள் பக்கம் திரும்பினார். கோபம் வந்து, வழியிலேயே களைத்துப்போனதைப் போல ஒரு முகம். "உங்களுக்குப் பைத்தியமா? அந்தக் கறுப்பு முழியில புண் எவ்வளவு ஆழம் தெரியுமா?" பிறகு குரல் தணிந்தது. "எங்களுக்கும் அவர் நபிதான். ஈஸா நபின்னு சொல்வோம். கண் தெரியாதவங்களுக்குக் கண் குடுத்தாருன்னு நாங்களும் ஓதுறோம். ஆனா அவரு தொட்டாக் கண் திறக்கும். நீங்க தொட்டாச் சீழ் வைக்கும். நமக்கெல்லாம் படிச்சு, கையைக் கழுவிட்டுத்தான் செய்யணும்னு வச்சிருக்கு."

"கண்ணு போயிருமா?"

"வலது கண்ணுக்கு நான் வாக்குத் தரமாட்டேன். புண் ஆறினாலும் தழும்பு நிக்கும். இடது கண்ணுல வெறும் புரைதான். இது ஆறினதும் அதை எடுத்துட்டு உள்ளுக்கு ஒரு கண்ணாடி வில்லை வைக்கலாம். தெரியும், நல்லாத் தெரியும். ஆனா மாமா வேணாங்கிறாரே! ஏதோ மனுவாமே?"

அந்த வாரக் கடைசியில் செல்வரத்தினம் தோடம்பழப் பையோடு வந்தார். கலாராணி நடந்ததைச் சொன்னபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ பிள்ளை, நான் அதைச் சொல்லேல்லையே" என்றார். அப்புறம் அவரே, "இல்லை, அதைத்தான் சொன்னனான்" என்றார். கட்டிலோரம் உட்கார்ந்து அழகையாவின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"பாஸ்டர் ஐயா," என்றார் அழகையா, "நான் மனுவை வாபஸ் வாங்கணுமா?"

"ஏன் வாங்கிறியள்? துரைக்குக் குடுக்கிற மனுவைத் துரையே வந்து செய்யிறவரோ? பாத்துப்போட்டுக் கீழ ஆருக்காவது அனுப்புவார்." சொல்லிவிட்டு அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "கீழ எண்டு சொன்னது பிழை. பிள்ளையளுக்கு. தகப்பன் தன்ர வேலையைப் பிள்ளையளுக்குப் பழக்கிற மாதிரி."

"அந்தக் கண்ணாடித் துண்டு மனுசன் செஞ்சதுங்களே. ஆண்டவர் செஞ்ச கண்ணுக்குள்ள அதை வைக்கலாமா? உயிர்த்தெழும்பும்போது அது கூட வருமா, இல்ல வாசல்ல கழட்டிக் குடுத்துட்டுப் போகணுமா?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். போதகர் சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே யோசிப்பதைக் கலாராணி பார்த்தாள்.

"வரும் எண்டுதான் நினைக்கிறன். ஆண்டவர் எழும்பேக்க ஆணிக் காயம் கையில அப்பிடியே இருந்தது. மனுசர் செய்த காயமே அவரோட எழும்பினதெண்டால், மனுசர் செய்த நல்லது எழும்பாதோ?"

அழகையா அப்போதும் சம்மதிக்கவில்லை. போதகர் ஜெபித்துவிட்டுப் போன பிறகு, கலாராணி தோடம்பழத்தை உரித்துச் சுளை சுளையாக அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாதிப் பழம் தீர்ந்ததும் அவர் மெல்லக் கேட்டார்.

"கண்ணு தெரிஞ்சா எங்கிட்ட யாரு புள்ள வருவா?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அந்தச் சுளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மனு, மரியாதை, தொரை எல்லாம் மேலே போட்ட போர்வை. அடியில் இது இருந்திருக்கிறது. தலையில் கைவைக்கும்போது அந்த முகத்தில் வரும் நிறைவு. கண் வந்துவிட்டால் அவர் வேலையிலிருந்து நின்ற ஒரு கிழவர். குருடாக இருந்தால் பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் ஆள் வருகிற அழகையா. தனக்கும் ஆத்தா வந்த நாளில் கங்காணி கைகட்டி நின்றாரே, அந்த ஒருநாளை விட்டுக்கொடுக்க எத்தனை வருடம் ஆனது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பெரிதாகச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. "நான் வருவேன்ல மாமா," என்றாள்.

அவர் கையை நீட்டிச் சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். விதையைத் துப்பினார். "டொக்டரம்மாவைச் செய்யச் சொல்லு."

சில வாரங்கள் கழித்துத்தான் செய்தார்கள். வலது கண் அதற்குள் ஆறியிருந்தது. டொக்டர் சொன்னபடி வெள்ளைத் தழும்பு நின்றது. வெளிச்சம் தெரியும், வேறொன்றும் தெரியாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கலாராணியின் பார்வை தரைக்குப் போகும். சத்திரசிகிச்சை அறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. தாதி விரட்டும்வரை அவள் அதன் வழியாகப் பார்த்தாள். ஜெனீரா குனிந்திருந்தார். தோள் அசையவில்லை. விரல் நுனிகள் மட்டும், அதுவும் பார்க்கிறவருக்குத் தெரியாத அளவுக்கு. நடுவில் ஏதோ சொல்ல, கூட நின்றவர்கள் சிரித்தார்கள். மத்தியானச் சாப்பாட்டைப் பற்றியதாக இருக்கலாம். தப்பு மேளம் இல்லை, சூடு இல்லை, யாரும் ஆடவில்லை. கலாராணியின் உள்ளங்கால் சிமெந்துத் தரையில் சில்லென்று இருந்தது. இதுவும் வருகைதான் என்று அவளுக்குத் தோன்றியது. இப்படியும் வரலாம், கழுவிய கைக்கு, சிரிக்கிற வாய்க்கு, தன் பேரையே சொல்லாத ஒருவருக்கு.

மறுநாள் காலை கண்கட்டை அவிழ்த்தார்கள். அழகையா கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் திறந்தார். சுவரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, வெகு நேரம் பார்த்தார்.

"யாரு, கலாவா?"

"ஆமாங்க மாமா."

"மூக்கு பரவாயில்லையே," என்றார். "என்னமோ சொன்னானுங்க."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நான் ஒரு கண்ணைக் கெடுத்துட்டேன் மாமா."

"ரெண்டும்தான் கெட்டுக் கெடந்துச்சு. நீ ஒண்ணைத் தொட்டதாலதான் நான் பஸ் ஏறினேன். இந்தக் கணக்கை இனிமே பேசாத." அவர் அவளுடைய கைகளை இழுத்துப் பார்த்தார். கொழுந்து பறித்து விரலிடுக்கெல்லாம் கறுத்து வெடித்திருந்தது. "இது இப்படின்னு எவனும் எனக்குச் சொல்லலையே!" என்றார். இந்தமுறை வேடிக்கை இல்லை.

அவர் பயந்தது நடந்தது. மலையில் செய்தி பரவியதும் ஜெபத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். முதலில் கண்ணைப் பார்க்க வந்தார்கள், பிறகு அதுவும் நின்றது. சாயங்காலங்களில் அவர் வாசலில் உட்கார்ந்து எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கலாராணி வேலை முடிந்து வந்ததும், சொன்ன சொல்லுக்காகப் பக்கத்தில் போய் உட்காருவாள். ஒருநாள் பெரியாயி முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்து, "இப்பத்தான் கண்ணு தெரியுதே, எங்க வீட்டுக் கூரையில ஓட்டை எங்கன்னு பாத்துச் சொல்லும்" என்று கூட்டிக்கொண்டு போனாள். அன்று அவர் ராச்சாப்பாட்டை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

போதகர் வராத ஒரு ஞாயிறு, வழக்கம்போல ஜெபம் நடத்த அழகையாவைத்தான் எழுப்பினார்கள். அவர் எழுந்து முன்னே போய் நின்றார். "ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடினார்கள். கலாராணியும் மூடினாள்.

குரல் வரவில்லை. நேரம் போனது. யாரோ செருமினார்கள். அவருக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்து கலாராணி கண்ணைத் திறந்தாள். அழகையா கண்ணைத் திறந்துகொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடம் இந்தத் தலைகளைக் கையால் தெரிந்துவைத்திருந்தவர், இப்போது அவற்றுக்கு முகம் பொருத்திப் பார்ப்பவரைப் போல.

"ஆண்டவரே," என்று தொடங்கினார், "மாடசாமிக்குக் கால் வீங்கியிருக்கு. போன வாரத்தைவிட மோசம். நாளைக்கு அவனை மருந்து ஐயாகிட்ட நாங்க கூட்டிட்டுப் போறோம். ரெங்கசாமி வீட்டுப் புள்ள இந்தக் குளிருக்கு வெறுங்காலோட உக்காந்திருக்கு. இந்தக் கோயில்ல ரெண்டு சோடி செருப்பு வச்சிருக்கிறவங்க யாருன்னு எனக்கு இப்பத் தெரியுது. அவங்க இன்னைக்கே குடுப்பாங்க. மேல் லயத்துக் கெழவிக்கும் எனக்கு இருந்த மாதிரியே புரை. பதுளைக்கு பஸ் ஏத்தணும். நீங்களும் கூட வாங்க ஆண்டவரே, தொணைக்கு."

கண்கள் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கின. இப்படி ஒரு ஜெபத்தை யாரும் கேட்டதில்லை. ரெங்கசாமியின் பக்கத்தில் இருந்தவர் தன் செருப்பைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்.

"மாமா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது, "நாளைக்குப் பெரட்டு இருக்கே."

"பெரட்டு முடிஞ்சு போலாம்," என்றார் அழகையா, ஜெபத்தின் குரலிலேயே. பிறகு எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "சரி, ஆமென் சொல்லுங்க."

ஆமென் சொன்னால், சொன்னபடி போகவும் வேண்டியிருக்கும். எல்லோரும் அவரவர் காலைப் பார்த்தார்கள். கூரைத் தகரத்தில் மழை தொடங்கியிருந்தது. கலாராணி நாளைக்கு எந்த மலையில் கொழுந்து பறிக்க வேண்டியிருக்கும் என்று யோசித்தாள். மேல் லயத்துக்குப் போய்க் கிழவியைச் சம்மதிக்கவைக்க எவ்வளவு நேரமாகும் என்று யோசித்தாள். பஸ்சில் கிழவிக்கு வாந்தி வந்தால் என்ன செய்வதென்றும் யோசித்தாள். எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டு, "ஆமென்" என்றாள்.